கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்

வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) வேலை பார்க்கிறேன். வழக்கில் சிக்கிய சிறுவர்களோடு பேசுவதும், அவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் அவர்களைப் பற்றி எழுதிக் கொடுப்பதும் என் வேலை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை, வீட்டு விசாரணைக்கு அலுவலரோடு நானும் போவேன். நாலு வருஷமாகப் பிடித்துத்தான் செய்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு போக்சோ வழக்கு வந்தது. பையனுக்குப் பதினேழு வயது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆறு. அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டுமா என்று பார்க்கும் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு என்னிடம் அறிக்கை கேட்டார்கள். கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அன்றிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. என் அக்கா மகளுக்கும் ஆறு வயதுதான். அவள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பையனைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் மற்ற பையன்கள் எதிரே உட்கார்ந்து அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அறிக்கை கொடுத்துவிட்டேன், குழுமம் இன்னும் முடிவு சொல்லவில்லை. பையன் இப்போது பிணையில், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் வீட்டில் இருக்கிறான். அவனுக்கு வாராவாரம் ஆற்றுப்படுத்துதலும் நானே தர வேண்டும் என்கிறார்கள்.

அலுவலர் நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு தடவையும் "என்னம்மா சொன்னான் உங்ககிட்ட?" என்று கேட்பார். சொன்னால் பையனுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் சாருக்கு வருத்தம். போன வாரம் பையனின் அம்மா பஸ் ஸ்டாண்டில் பார்த்து ஒரு பை நண்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். வாங்கியது தப்பா என்று இன்னமும் உறுத்துகிறது. என் கணவர் வேலையை விட்டுவிடு என்கிறார். கவுன்சிலருக்கே கவுன்சிலிங்கா என்று சிரிப்பார்களோ என்று வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா அக்கா?

(கடிதத்தில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். வழக்கில் தொடர்புடைய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது.)

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லாயக்கில்லாதவர் இல்லை. இப்போது உங்களுக்கு வந்திருப்பது இந்த வேலையில் யாருக்கும் வரக்கூடியது. வந்தால் கவனித்துச் சரி செய்ய வேண்டியது. ஆனால் பத்து நாள் லீவு போடுங்கள், கொடைக்கானல் போய் வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போய்விட்டு வந்தாலும் மேஜையில் அதே கோப்பு இருக்கும், அலுவலரின் அதே கேள்வி இருக்கும், பேச ஆளில்லாத அதே நிலைமையும் இருக்கும். நீங்கள் களைத்திருப்பது உண்மைதான். ஆனால் ஒரே பையனின் விஷயத்தில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறீர்கள், அதைச் சொல்லி இறக்கிவைக்க உங்களுக்கு ஒருவரும் இல்லை. உங்களை வாட்டுவது அதிகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் தொந்தரவைப் பற்றி முதலில் பேசுவோம். அடுத்தவருக்கு நேர்ந்த கொடுமையைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கும் படிப்பவருக்கும் உலகத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும் என்று 1990-இல் மெக்கேன், பெர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். இந்த இடம் பாதுகாப்பானது, இந்த மனிதரை நம்பலாம் என்று யோசிக்காமலே நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகள்தான் முதலில் ஆட்டம் காணும். அக்கா மகள் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாவது நோயறிதல் கையேடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சம்பவத்தை நேரில் பார்க்காவிட்டாலும், வேலையின் காரணமாக அதன் கோரமான விவரங்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளாகிறவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வரலாம் என்கிறது. குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய விவரங்களைக் கேட்க நேரும் காவலர்களை அது உதாரணமாகவே காட்டுகிறது. காவலருக்கு வரலாம் என்றால், அதே கோப்பைப் படிக்கும் உங்களுக்கும் வரலாம்.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் தூக்கம் கெட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. படபடப்பும் குறையவில்லை. இந்தக் கட்டத்தில் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது, போய் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்யும், உங்களுக்கே தெரியும். உங்களிடம் வருகிறவருக்கு நீங்கள் சொல்வதைத்தான் நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சிரிப்பார்களே என்கிற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் கரையில் மனநலம் என்றாலே பலருக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்துபோனார்கள். அதன் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருந்தும் தருகிறார்கள். இருந்தாலும் மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற கூச்சம் படித்தவர்களுக்கும் இருக்கிறது. வழக்குக்காக வாரந்தோறும் போய் நிற்கும் அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சீட்டு வாங்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் மதுரைக்குப் போய்ப் பாருங்கள், தப்பே இல்லை. இன்று ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். பேர், வேலை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கோப்பு. இனி வழக்குக் கோப்பு எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். பகலில், அலுவலகத்தில், வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு தடவை படியுங்கள். உங்கள் அறிக்கைக்கு எது தேவையோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் ஒவ்வொரு வரியும் உங்களுக்குத் தேவையில்லை, குழந்தையின் வாக்குமூலத்தை மூன்றாவது தடவை படிக்கவும் தேவையில்லை. திரும்பப் படித்தால்தான் பொறுப்பாக வேலை செய்கிறோம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் மூன்றாவது வாசிப்பில் அறிக்கை தரம் கூடுவதில்லை, ராத்திரித் தூக்கம்தான் போகிறது. படித்து முடித்ததும் அடுத்த பையனைக் கூப்பிடாதீர்கள். எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம்.

கீழக்கரைப் பக்கம் முத்தும் சங்கும் குளித்த காலத்தில், தண்ணீருக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருக்கும் மச்சான் பிடித்திருப்பான் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அவன் கையில் இருப்பதால் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கயிறு பிடிக்க ஆளில்லாமல் யாரும் இறங்கியதில்லை. நீங்கள் நாலு வருஷமாக அப்படி ஆளில்லாமல்தான் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் சொல்வது தொழில்முறை மேற்பார்வை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தை நான் சொல்லவில்லை. எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை வீடு பார்த்தீர்கள் என்று கேட்கும் அந்தக் கூட்டமும் வேண்டியதுதான், ஆனால் அங்கே போய் எனக்கு அருவருப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. மேற்பார்வை என்பது உங்களைவிட அனுபவம் உள்ள ஒரு மருத்துவ உளவியலாளரோடு குறித்த நாளில், குறித்த நேரத்தில், மாதம் இரண்டு தடவையாவது உட்கார்ந்து பேசுவது. ஒரு தடவைக்கு ஒரு வழக்கு போதும். பேர், ஊர் சொல்லாமல் பேசலாம். பையன் என்ன சொன்னான், நீங்கள் என்ன கேட்டீர்கள், எந்த இடத்தில் உங்களுக்குக் குரல் மாறியது, எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்பதுவரை பேச வேண்டும். ராமநாதபுரத்தில் அப்படி ஆள் கிடைக்காது என்று எழுதுவீர்கள். மதுரையில், திருச்சியில், சென்னையில் இருக்கிறார்கள், வீடியோ அழைப்பிலேயே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்களில் சிகிச்சை அனுபவம் உள்ளவர் யார் என்று பாருங்கள், அங்கிருந்து ஆரம்பியுங்கள். கட்டணம் கேட்டால் கொடுங்கள். இந்தச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்தில் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் கேட்டது பதிவில் இருக்கட்டும். ஆனால் அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டங்களில் உங்களைப் போலவே ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வழக்கு விவரம் எழுதக் கூடாது. கேட்பவரின் சம்மதம் இல்லாமல் கோரமான விவரத்தைக் கொட்டக் கூடாது. "ஒரு கஷ்டமான கேஸ் பத்திப் பேசணும், இப்ப கேட்க முடியுமா?" என்று முதலில் கேட்டுவிட்டு, நடந்ததை இரண்டு வரியில் சொல்லி, அது உங்களை என்ன செய்தது என்பதை விரிவாகப் பேசுங்கள். இல்லையென்றால் உங்கள் தூக்கம் போனது போல இன்னும் மூன்று பேர் தூக்கமும் போய்விடும்.

அருவருப்பு வருகிறது என்பதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்கு நடந்ததைப் படித்து உள்ளே எதுவும் அசையாத ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைக்க நான் தயங்குவேன். ஆனால் அது நமக்குத் தெரியாமல் அறிக்கைக்குள் புகுந்துவிடும், அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இளம் ஆற்றுப்படுத்துநர்கள் பெயர் நீக்கி என்னிடம் காட்டும் அறிக்கைகளில் "வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். என்ன நடந்தது என்று கேட்டால், பையன் தலையைக் குனிந்து கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு இருபது நிமிஷம் பேசாமல் இருந்திருப்பான். பதினேழு வயதில், அம்மா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இந்த விஷயத்தைப் பேசு என்றால் எந்தப் பையனும் தரையைத்தான் பார்ப்பான். கீறினான், பேசவில்லை என்று பார்த்ததை எழுதுங்கள். வருத்தம் இருந்ததா இல்லையா என்பது அதிலிருந்து தெரியாது. எதிர்ப்பக்கமும் சறுக்கல் உண்டு. கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத வீடு என்று தெரிந்ததும் மனசு இளகிப்போய், நடந்ததைச் சின்னதாக்கி எழுதிவிடுவோம். இந்த இரண்டையும் எழுதியவரால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. மேற்பார்வையாளர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார்.

உங்கள் கடிதம் முழுக்க, அந்தப் பையனின் தலையெழுத்தையே நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்கிற பாரம் தெரிகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பதினாறு வயது நிறைந்த சிறுவன் மீது கொடிய குற்றம் சாட்டப்பட்டால் முதற்கட்ட மதிப்பீட்டைச் செய்ய வேண்டியது குழுமம். அனுபவமுள்ள உளவியலாளர், உளவியல் சமூகப் பணியாளர் போன்றவர்களின் உதவியை அது பெறலாம். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது, இவ்வளவுதான் கேள்வி. இது விசாரணை அல்ல என்று சட்டமே தெளிவுபடுத்துகிறது. உளவியலாளரின் உதவி இதில் எவ்வளவு அவசியம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. குழந்தை உளவியல் படித்த உறுப்பினர் குழுமத்தில் இல்லாவிட்டால் அந்த உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது. ஆக, உங்கள் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் முடிவு நடுவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் உட்கார்ந்து எடுப்பது. அவன் செய்தானா இல்லையா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ராத்திரியில் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். அதை விட்டுவிடலாம்.

அடுத்தது, மதிப்பீடு எழுதிய நீங்களே அவனுக்கு வாராவாரம் ஆற்றுப்படுத்துதலும் தர வேண்டும் என்பது. இது கூடாது. ஒருவரை நீதிமன்றத்துக்காக மதிப்பிடுகிறவரும் அவருக்குச் சிகிச்சை தருகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது சட்ட உளவியலில் வெகுகாலமாக இருக்கும் நெறி. காரணம் எளிதானது. இவர் நம்மைப் பற்றி எழுதிக் கொடுத்தவர் என்று தெரிந்த பையன் உங்களிடம் மனம் திறக்க மாட்டான். திறந்தால், சொன்னதை என்ன செய்வது என்று நீங்கள் தவிப்பீர்கள். ஆள் பற்றாக்குறையால் சின்ன மாவட்டங்களில் ஒருவரே எல்லாவற்றையும் செய்யும்படி ஆகிவிடுகிறது. அதற்காக அது சரியாகிவிடாது. குழுமத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தது நான் என்பதால் தொடர் ஆற்றுப்படுத்துதலை மாவட்ட மனநலத் திட்டத்திலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள வேறொரு உளவியலாளரிடம் மாற்றித் தரும்படி கேளுங்கள். உங்கள் உடல்நிலையை அதில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, தொழில் நெறி ஒன்றே போதுமான காரணம். மாற்ற முடியாது என்று பதில் வந்தால், இந்தப் பையனைப் பற்றி இனிமேல் மதிப்பீட்டு அறிக்கை எதையும் உங்களிடம் கேட்கக் கூடாது என்பதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற பையன்கள் அழும்போது ஒன்றும் தோன்றவில்லை என்றீர்கள். இதில் பாதி அந்த ஒரு வழக்கின் பாதிப்பு. மீதி, நாலு வருஷச் சலிப்பு என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்'டை வேலை சார்ந்த நிலை என்றே சேர்த்திருக்கிறது, நோய் என்று சொல்லவில்லை. ஓய்ந்து போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகாது என்று தோன்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தது அது. இதில் மூன்றாவதற்கு உங்கள் கரையில் நிறையவே காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வாங்கிய கடன் மட்டும் நிற்காது. "ராத்திரி ஒரு மூட்டையைக் கரைவரைக்கும் தூக்கிட்டு வா, கூலி தர்றேன்" என்று ஒருவர் கூப்பிட்டால் பதினாறு வயதுப் பையன் போவான். மூட்டையில் கடத்தப்போகும் பீடி இலை இருக்கும், இல்லாவிட்டால் கடல் அட்டை இருக்கும். மாட்டிக்கொள்வது தூக்கியவன்தான், தூக்கச் சொன்னவன் இல்லை. இதே கதையைப் பல பையன்களிடம் கேட்ட பிறகு, இவனை ஆற்றுப்படுத்தி நான் என்ன செய்யப்போகிறேன் என்று மனசு கதவைச் சாத்திக்கொள்கிறது. அது கல் நெஞ்சம் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதுவதால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், குழு ஆற்றுப்படுத்துதலுக்கோ சமூக சேவைக்கோ உத்தரவிடலாம், நன்னடத்தை நிபந்தனையில் பெற்றோரின் பொறுப்பில் மூன்று வருஷம் வரை விடலாம். கூடவே பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போதை மீட்பு மையத்துக்கோ போகச் சொல்லியும் உத்தரவு போடலாம். அதனால் "குடும்பச் சூழல் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தடைக்காலத்தில் வீட்டு வருமானம் என்ன, கடன் யாரிடம், பையன் எந்த வகுப்பில் நின்றான், எந்தப் பயிற்சிக்கு அவனே போக ஆசைப்படுகிறான் என்று எழுதுங்கள். எழுதியது உத்தரவில் ஒரு வரியாக வந்துவிட்டால், நாம் செய்வதால் ஏதோ நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். எந்த மூச்சுப் பயிற்சியைவிடவும் இது உங்களுக்குக் கை கொடுக்கும்.

நன்னடத்தை அலுவலரிடம் வருவோம். அவர் ஏன் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பையன் பிடிபட்ட தகவல் வந்தால் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கையை அவர் குழுமத்தில் கொடுக்க வேண்டும். பிணையில் வந்தவன் ஏதாவது செய்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். இங்கிலாந்தின் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அலுவலரின் கடமையாக, ஆலோசனை சொல்ல வேண்டும், உதவ வேண்டும், நட்பாக இருக்க வேண்டும் என்று மூன்றைச் சொன்னது. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டமும் விசாரிப்பது, கண்காணிப்பது, ஆலோசனை சொல்லி உதவுவது எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில்தான் வைத்திருக்கிறது. நட்பாகவும் இருக்க வேண்டும், காவலாகவும் இருக்க வேண்டும். நீங்கள் படும் அதே அவஸ்தையை அவர் உங்களுக்கு முன்பிருந்தே பட்டுக்கொண்டிருக்கிறார்.

எதைப் பகிர்வது என்று ஒவ்வொரு தடவையும் வண்டியில் போகும்போது தவிக்காமல், அவரோடு உட்கார்ந்து ஒரே தடவையில் முடிவு செய்துவிடுங்கள். பையன் தன்னையோ இன்னொருவரையோ காயப்படுத்தக்கூடும் என்று தெரிந்தால் அன்றைக்கே அவரிடம் சொல்வேன் என்று உறுதி கொடுங்கள். வேறொரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும், அதில் உங்களுக்கோ அவருக்கோ விருப்பம் என்பதே கிடையாது. வருகிறானா, ஒத்துழைக்கிறானா, என்ன உதவி தேவை என்பதெல்லாம் அவருக்கு வேண்டிய தகவல், தாராளமாகச் சொல்லலாம். அவன் அப்பாவைப் பற்றி அழுதது, கனவில் வருவது, பயம், வெட்கம், இதெல்லாம் அறைக்குள்ளேயே இருக்கட்டும். இதே எல்லையைப் பையனிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "தம்பி, நீ சொல்றதுல சிலது சாருக்குப் போகும், சிலது போகாது. போகுதுன்னா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகும். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் காத்திருக்க மாட்டேன்." இதைச் சொன்னால் பேசமாட்டானோ என்று பயப்படாதீர்கள். இந்தப் பையன்களுக்குப் பெரியவர்கள் மாற்றிப் பேசியே பழக்கம், நேராகச் சொல்கிறவரை அவர்கள் நம்புவார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுகாதாரத் துறையும் சிறை, நன்னடத்தைத் துறையும் சேர்ந்து நடத்தும் ஒரு திட்டத்தில், உளவியலாளர் நன்னடத்தை அலுவலரோடு உட்கார்ந்து, அவர் கையில் இருக்கும் கடினமான ஆளைப் பற்றி யோசிக்க உதவுவார். இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான், எதைச் சொன்னால் சீறுகிறான், நாம் எங்கே அவனிடம் சிக்கிக்கொள்கிறோம் என்று இருவரும் பேசி எழுதிவைப்பார்கள். ஆளை உளவியலாளர் பார்க்காமலே பலமுறை இது நடக்கும். இதற்குத் தனி உத்தரவு எதுவும் வேண்டியதில்லை, மாதம் ஒரு மதியம் நீங்கள் இருவரும் உட்கார்ந்தால் போதும். அன்றைக்கு அவரிடம், "சார், இந்தக் கேஸுக்கு அப்புறம் நீங்க எப்படித் தூங்குறீங்க?" என்றும் கேட்டுப் பாருங்கள். இதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நண்டு விஷயம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் கேட்டது நல்லது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கக் கூடாது. கடற்கரைக்காரர்கள் கொடுப்பதை மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மறுக்கும்போது வழக்கின் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். "கேஸ் நடக்குறப்ப நான் எதுவும் வாங்கக் கூடாதும்மா, உங்க பையனுக்குத்தான் கெட்ட பேரு வரும்" என்றால் அந்த அம்மா புரிந்துகொள்வார். வாங்கிவிட்டது போகட்டும். அலுவலரிடம் சொல்லிவிட்டு, தேதி போட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள், உறுத்தல் நின்றுவிடும். அந்தப் பை எதற்காக வந்தது என்பதையும் யோசியுங்கள். மகன் என்ன ஆவான் என்று தெரியாத ஒரு தாய் தன்னால் முடிந்ததைக் கொடுத்திருக்கிறார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கு யாராவது தமிழில் விளக்கிச் சொன்னார்களா? அலுவலரும் நீங்களும் சேர்ந்து ஒரு நாள் அதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். வேலையை விடு என்கிறார் என்றால், தினமும் நீங்கள் வாடிப்போய் வருவதைப் பார்த்துச் சொல்கிறார். விடுவதா வேண்டாமா என்பதைத் தூக்கமில்லாத இந்த நிலையில் முடிவு செய்யாதீர்கள். சிகிச்சை ஆரம்பித்து, மேற்பார்வை கிடைத்து, மூன்று மாதம் போன பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் அப்போது விடலாம், அதில் ஒரு அவமானமும் இல்லை. அதுவரை அவரிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. இன்றைக்குக் கஷ்டமான நாள், அரை மணி நேரம் என்னை எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லலாம். ராத்திரி விழிப்பு வந்தால் எழுப்பட்டுமா என்று கேட்கலாம். அக்கா மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகும்போது நீங்கள் வாசலில் போய் நிற்காமல் இருக்க, அந்த நேரத்தில் அவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஐந்து நிமிஷம் போதும்.

அன்புடன்,
அக்கா